கடலூரிலிருந்து தொழில் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்: நிறுவனர்களின் கதைகளிலிருந்து சில பதில்கள்

மஞ்சக்குப்பத்தில் ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். மளிகைக் கடை, மருந்துக் கடை, முந்திரி வியாபாரிகளுக்கு பில்லிங், ஸ்டாக் கணக்கு எழுதித் தருவது எங்கள் தொழில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் அலுவலக மாடியில் புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் கூடுவோம். பாண்டிச்சேரி, பண்ருட்டி, நெய்வேலி என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் தொழில்நுட்ப நிறுவனர் ஒருவரின் கதையை எடுத்துக்கொண்டு பேசுவோம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, என்னால் முடிந்த பதில்களோடு இங்கே எழுதுகிறேன்.

எங்கோ அமெரிக்காவில் கோடிகளில் புரளுகிறவர்கள் கதை எங்களுக்கு எதற்கு?

அவர்கள் வளர்ந்த கதையை நானும் அதிகம் பேசுவதில்லை. அதில் பிறந்த இடம், வாய்த்த காலம், அதிர்ஷ்டம் எல்லாம் கலந்திருக்கிறது. நம்மால் திருப்பிச் செய்ய முடியாது. நான் தேடிப் படிப்பது வேறு பகுதி. பணம் வராத மாதம், வாடிக்கையாளர் விட்டுப்போன நாள், பொருளில் தப்பு கண்டுபிடிக்கப்பட்ட வாரம். அந்தச் சுமையை நிறுவனர் முதலில் தன் தோளில் ஏற்றிக்கொண்டாரா, கீழே இருப்பவன் தலையில் இறக்கி வைத்தாரா? ஒன்பது பேர் கம்பெனியிலும் இதே கேள்வி வரும். இரண்டு பேர் கடையிலும் வரும்.

ஆட்கள் நேரத்துக்கு வருவதில்லை. அபராதம் போடலாமா?

இதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு கதை சொல்கிறேன். பாண்டிச்சேரியில் லெனோவா கணினித் தொழிற்சாலை இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்பில் பலர் கையில் இருந்ததும் அந்தப் பெயர்தான். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் லியூ சுவான்ஷி. 1984-ல் பெய்ஜிங்கில், சீன அறிவியல் கழக வளாகத்தின் ஒரு சின்னக் காவலர் அறையில், பதினோரு பேராக, இரண்டு லட்சம் யுவான் முதலோடு ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் டிவி வாங்கி விற்கப் பார்த்து கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அவர் ஒரு விதி வைத்தார். கூட்டத்துக்குத் தாமதமாக வருபவர் எல்லார் முன்னாலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கூட்டம் அப்படியே நின்றுவிடும், யாரும் பேச மாட்டார்கள். முதலில் மாட்டியவர் லியூவுக்கு முன்பு மேலதிகாரியாக இருந்த பெரியவர். நிற்க வைப்பதற்குள் லியூவுக்கே வியர்த்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. பிறகு அவரே மூன்று முறை நின்றிருக்கிறார். ஒரு முறை லிஃப்ட்டில் சிக்கிக்கொண்டதால் தாமதம். யாரிடமும் சொல்ல வழியில்லை. அப்போதும் வந்து நின்றார்.

இதைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி, "அப்ப நானும் நாளைக்கே இந்த ரூல் போடறேன்" என்றார். போடலாம். ஆனால் நீங்கள் நிற்கத் தயாரில்லை என்றால் வேண்டாம். சம்பளத்தில் பிடிக்கிற அபராதம் முதலாளியைத் தொடுவதே இல்லை. அதனால்தான் அது ஆட்கள் மனதில் கசப்பாகத் தங்கிவிடுகிறது.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் இங்கிருந்தே நடத்த முடியுமா?

முடியும். ஆனால் ஊர்ப் பாசம் மட்டும் போதாது.

இந்தக் கேள்விக்கு எல்லாரும் ஸ்ரீதர் வேம்பு பெயரைத்தான் சொல்வார்கள், சரிதான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அவரும் சிலரும் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் 2009-ல் ஜோஹோ ஆனது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது 2011-ல். அவரே அங்கே குடியேறியது 2019-ல். அதாவது கிராமத்துக்குப் போகும்போது விற்க ஒரு பொருள், வாங்க உலகெங்கும் ஆட்கள், மாதாமாதம் வருமானம் எல்லாம் கையில் இருந்தது. வெளி முதலீடு வாங்காததால், ஏன் தென்காசி என்று கேள்வி கேட்கவும் யாரும் இல்லை. நாம் முதல் படியில் நின்றுகொண்டு அவருடைய பதினைந்தாவது வருடத்தைக் காப்பியடிக்கக் கூடாது.

கடலூருக்கு உள்ள வசதி என்ன? வாடகை குறைவு. பெரியார் கலைக் கல்லூரியிலிருந்தும் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அதில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்க விரும்புகிறவர்கள் நிறைய. வாடிக்கையாளரும் பக்கத்திலேயே இருக்கிறார். பண்ருட்டி மண்டிக்குப் போய் அரை நாள் உட்கார்ந்தால் எந்த ஆன்லைன் ஆய்விலும் கிடைக்காத விஷயம் கிடைக்கும்.

பயிற்சி கொடுத்து முடித்ததும் பையன் பெங்களூர் போய்விடுகிறான். எதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

போகத்தான் செய்வான். எனக்கும் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. ஆனாலும் சொல்லிக்கொடுங்கள்.

வேம்பு செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது தென்காசி அலுவலகத்தைவிட இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொந்தப் பள்ளியில் பயிற்சி தந்து வேலையில் சேர்த்தது. ஆறே மாணவர்களோடு தொடங்கியது அது. பட்டம் இல்லாதவனை நம்பி முதல் வாய்ப்பு தருகிறவர் மேல் அவனுக்கு ஒரு பற்று வரும். சிலர் போவார்கள், சிலர் தங்குவார்கள். என்னோடு எட்டு வருடமாக இருக்கும் பெண் பாலிடெக்னிக் படித்தவர். இன்று எங்கள் மருந்துக்கடை சாஃப்ட்வேர் முழுவதும் அவர் பொறுப்பு.

இன்னொரு வழி பங்கு கொடுப்பது. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் ஜோஹோவில் வேலை பார்த்துவிட்டு 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்பாடு அதன் பெயர் ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பரில் அது அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். நம் கம்பெனி நாஸ்டாக் போகாது. ஆனால் தீபாவளிக்கு ஒரு போனஸ் கொடுத்து நிறுத்தாமல், வருட லாபத்தில் இத்தனை சதவீதம் உங்களுக்கு என்று எழுதிக் கொடுக்கலாம். நான் மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறேன். வீண் செலவை ஆட்களே தடுக்கிறார்கள்.

நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பிக்கலாமா? பின்னால் சண்டை வருமே?

பில் ஹியூலெட்டும் டேவ் பேக்கார்டும் 1939-ல் 538 டாலர் முதலோடு ஒரு கார் கொட்டகையில் எச்பி கம்பெனியை ஆரம்பித்தபோது, யார் பெயர் முன்னால் வருவது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். ஹியூலெட் பெயர் முன்னால் வந்தது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எல்லா விஷயத்துக்கும் காசு சுண்ட முடியாது. கசக்கிற பேச்சை எப்போதாவது பேசியே ஆக வேண்டும்.

இன்ஃபோசிஸ் 1981-ல் ஏழு பேர் தொடங்கியது. சுதா மூர்த்தி கொடுத்த பத்தாயிரம் ரூபாய் முதல். தொலைபேசி இணைப்புக்கும் கணினி இறக்குமதிக்கும் காத்திருந்தே காலம் போனது. 1990-ல் பத்து லட்சம் டாலருக்குக் கம்பெனியை வாங்கிக்கொள்கிறோம் என்று ஒருவர் வந்தார். ஒன்பது வருடப் பாட்டுக்குப் பிறகு அது பெரிய தொகை. விற்றுவிடலாம் என்று கூட இருந்தவர்கள் பலர் நினைத்தார்கள். நாராயண மூர்த்தி எல்லாரையும் பேசவிட்டார். கடைசியில், போக நினைப்பவர்களின் பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். அப்போது அவர் கையில் அவ்வளவு பணம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக, நாங்களும் இருக்கிறோம் என்றார்கள்.

யாரையும் அவர் கட்டிப்போடவில்லை. போகிறவருக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, நஷ்டம் வந்தால் அது தன்னுடையது என்றார். உங்கள் கூட்டாளி ஒப்பந்தத்தில், ஒருவர் விலகினால் பங்கை யார், எப்படி, எவ்வளவு நாளில் வாங்குவது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் அதை எழுத முடியும்.

சம்பளம் கொடுக்க முடியாத நிலைமை வந்தால் என்ன செய்வது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறிய இடம் இது.

2015 நவம்பர் வெள்ளம் இங்கே யாருக்கும் மறக்காது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப் பேருடைய கடை நனைந்துவிட்டது. சிலருக்குக் கம்ப்யூட்டரே போய்விட்டது. அவர்களிடம் போய் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு) பணம் கேட்க மனம் வரவில்லை, கேட்டாலும் வந்திருக்காது. அப்போது ஆறு பேர் வேலை செய்தார்கள். கையில் இருபது நாள் சம்பளத்துக்குத்தான் பணம் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் பயந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றாம் தேதி வந்தது, பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. ஒருவர் கேட்டார்: "முன்னாடியே சொல்லியிருந்தா வீட்டு வாடகைக்காவது வேற வழி பார்த்திருப்பேனே, அண்ணா." இரண்டு பேர் அடுத்த மாதமே போய்விட்டார்கள். பணம் குறைந்ததற்காகப் போகவில்லை, நான் மறைத்ததற்காகப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹியூலெட் பேக்கார்டின் 1970-ஆம் வருடக் கதையைப் படித்தேன். ஆர்டர் குறைந்து, உற்பத்தி ஆர்டரைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் அதிகமாக நின்றது. மற்ற கம்பெனிகள் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. இவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்தி, எல்லாருக்கும் பத்து சதவீதம் சம்பளத்தைக் குறைத்தார்கள். தலைவர் முதல் கடைசித் தொழிலாளி வரை எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஆறு மாதம் வாக்கில் ஆர்டர் திரும்பி வந்தது. பழகிய கைகள் எல்லாம் அங்கேயே இருந்தன.

கொரோனா ஊரடங்கில் எங்களுக்கு மறுபடியும் அதே நிலைமை. இந்த முறை முதல் வாரத்திலேயே எல்லாரையும் ஃபோனில் கூட்டி, வங்கிக் கணக்கில் இருந்த தொகையை அப்படியே சொன்னேன். என் சம்பளத்தை நிறுத்தினேன். குறைந்த சம்பளக்காரர்கள் இருவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம் என்று மற்றவர்களே சொன்னார்கள். அது என் யோசனை இல்லை, அவர்களுடையது. ஒருவரும் போகவில்லை.

கம்பெனியையே மூட வேண்டி வந்தாலும் செய்ய ஒன்று உண்டு. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு 2012-ல் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை மூடினார். வேலை இழந்தவர்களின் படம், திறமை எல்லாம் போட்டு, இவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்தார். மிஞ்சிய சிலரோடு, தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்து வைத்திருந்த கருவியைப் பொருளாக்கினார். அதுதான் இன்று பல அலுவலகங்களில் ஆட்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் ஸ்லாக்.

ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் இருக்கிறார். விலையைக் குறைத்துக்கொண்டே போகிறார். விட்டால் கம்பெனியே போய்விடும்.

1995-ல் இன்ஃபோசிஸ் இதே இடத்தில் நின்றது. வருமானத்தில் கால்வாசி ஒரே அமெரிக்க நிறுவனத்திடமிருந்து. அவர்கள் கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டால் தரம் போகும், நல்ல ஆட்களும் போவார்கள். மூர்த்தி மறுத்துவிட்டார். ஆனால் நடுவழியில் விட்டுவிட்டுப் போகாமல், வேறு ஆள் கிடைத்து வேலை சுமுகமாக மாறும்வரை கூட நின்று கொடுத்தார்கள். அதன் பிறகு எந்த ஒரு வாடிக்கையாளரையும் அளவுக்கு மேல் நம்பியிருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்.

சோனியின் அகியோ மொரிட்டா இன்னும் துணிந்தவர். 1955-ல் அமெரிக்காவின் புலோவா நிறுவனம் ஒரு லட்சம் டிரான்சிஸ்டர் ரேடியோ கேட்டது, ஆனால் தங்கள் பெயரைப் போட்டுத் தரச் சொன்னது. அது அவருடைய கம்பெனியின் மொத்த முதலைவிடப் பெரிய ஆர்டர். வேண்டாம் என்றார். இதை உங்களுக்குச் சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கம்தான். வீட்டில் அரிசி இருக்க வேண்டும். இன்றைக்கு உங்களால் மறுக்க முடியாது என்றால், அந்த வருமானத்தில் ஒரு பகுதியை எடுத்து இரண்டாவது வாடிக்கையாளரைத் தேட ஆளைப் போடுங்கள். மறுக்கும் பலம் வருவதற்கு ஒரு வருடம் பிடிக்கும்.

நம் பொருளில் தப்பு வந்துவிட்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், அன்றைக்கே.

1994-ல் இன்டெலின் பென்டியம் சிப்பில் சில வகுத்தல் கணக்குகளில் பிழை வருவதை ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். சாதாரணமாக யாருக்கும் அது நேராது, தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. தொழில்நுட்பக் கணக்குப்படி அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவனைப் போய் நிரூபி என்றால் கோபம் வராதா? எதிர்ப்பு பெருகி, டிசம்பரில் கேட்பவர்கள் எல்லாருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். செலவு 47.5 கோடி டாலர்.

மறைப்பதன் கடைசி எல்லை ஹைதராபாத்தின் சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனி. லாபத்தில் கொஞ்சம் கூட்டிக் காட்ட ஆரம்பித்து, அதை மறைக்க அடுத்த காலாண்டில் இன்னும் கூட்டி, கடைசியில் 2009 ஜனவரி 7-ல் அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு உண்மையை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். புலிமேல் ஏறிவிட்டேன், அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவதென்று தெரியவில்லை என்ற பொருளில் எழுதியிருந்தார். நம் ஊரில் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அதுதான். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஒரே காலையில் நடுத்தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று நடுங்கினார்கள். ஜிஎஸ்டி கணக்கில் ஒரு மாதம் "சமாளித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.

ஸ்டீவ் ஜாப்ஸ் திட்டித் திட்டித்தானே வேலை வாங்கினார்? அன்பாக இருந்தால் ஏறி மிதிக்கிறார்களே?

திட்டினார், உண்மை. அதனால்தான் ஜெயித்தார் என்பதை நான் ஏற்கவில்லை. 1985-ல் அவர் தொடங்கிய ஆப்பிளிலிருந்தே வெளியேற நேர்ந்தது. அப்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். 1997-ல் திரும்பி வந்து அவர் செய்த பெரிய காரியம், எதையெல்லாம் செய்யப் போவதில்லை என்று முடிவெடுத்தது. குவிந்து கிடந்த பொருள்களை எடுத்துவிட்டு நான்கே கட்டம் போட்டார்: வீட்டு உபயோகத்துக்கு இரண்டு, தொழிலுக்கு இரண்டு; ஒவ்வொன்றிலும் மேஜைக்கு ஒன்று, கையில் எடுத்துப் போக ஒன்று. போட்டியாளரான மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து 15 கோடி டாலர் முதலீடு வாங்கவும் கூச்சப்படவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள இதெல்லாம் இருக்கும்போது, கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆசையாகத் தொடங்கியதை எப்போது கைவிடுவது?

1985-ல் இன்டெல் மெமரி சிப்பில் ஜப்பானியர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி உருவானதே மெமரிக்காகத்தான். கம்பெனியின் தலைவராக இருந்த ஆண்டி குரோவ், நிறுவனர்களில் ஒருவரான கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் தூக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ்.

நான் இதைப் பள்ளிகளுக்கான ஒரு சாஃப்ட்வேரில் செய்து பார்த்தேன். நான்கு வருடம் வளர்த்த பிள்ளை. மாடியிலிருந்து இறங்கி, தெருமுனையில் டீ குடித்துவிட்டு, புது ஆளாக மேலே ஏறி வந்தேன். கணக்கைப் பார்த்தேன். அந்த மாதமே நிறுத்தினோம்.

எனக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. வீட்டிலிருந்தே நடத்தினால் மதிப்பார்களா?

ஸ்டெஃபனி ஷெர்லி 1962-ல் இங்கிலாந்தில் ஆறு பவுண்டு முதலோடு வீட்டிலிருந்தே மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். ஐந்து வயதில் நாஜிகளுக்குத் தப்பி அகதியாக வந்த பெண். தன் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் "ஸ்டீவ்" என்று கையெழுத்திட்டு அனுப்பினார், பதில் வந்தது. குழந்தை அழும் சத்தம் ஃபோனில் கேட்காமலிருக்க, டைப் அடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து ஓடவிட்டிருக்கிறார். கல்யாணமும் குழந்தையும் ஆனதும் வேலையை விட்ட பெண்களைத் தேடித் தேடி எடுத்தார். முதல் முந்நூறு பேரில் ஆண்கள் மூன்று பேர்தான். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை அவர்கள் வீட்டில் உட்கார்ந்தே எழுதினார்கள். பிற்பாடு தன் பங்கில் ஒரு பகுதியை ஊழியர்களுக்குக் கொடுத்தார். அதில் எழுபது பேர் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள்.

இன்றைக்கு நீங்கள் டைப் சத்தம் ஓடவிட வேண்டாம். குழந்தை அழுதால் அழட்டும், வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். எங்கள் சந்திப்புக்கும் குழந்தையோடு வாருங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஐபிஎம் கணினிப் பிரிவை 2005-ல் லெனோவா வாங்கிய பிறகு, அதன் தலைவர் யாங் யுவான்சிங் ஆங்கிலம் பழக வேண்டும் என்றே குடும்பத்தோடு அமெரிக்காவில் போய்த் தங்கினார். தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம். பண்ருட்டி மண்டியில் உங்கள் தமிழே போதும்.

சந்திப்புக்கு வரத் தாமதமானால் உள்ளே விடுவீர்களா?

விடுவோம். பாண்டிச்சேரி பஸ் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். போன மாதம் கெடிலம் பாலத்தில் நெரிசல் என்று நான் ஆறு நிமிடம் தாமதமாக வந்தேன். இருபது பேர் அமைதியாக உட்கார்ந்திருக்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.